சுவர் வீட்டினது, கம்பி ஊரினது

மகிழுந்துக்கு ஆற்றல் ஊட்டும் இடம் நூறாண்டுகளாக வீட்டுக்கு வெளியேதான் இருந்து வந்தது. பெட்ரோல் நிலையம் நடத்த உரிமம் வேண்டும். தீத்தடுப்பு ஏற்பாடு வேண்டும். பயிற்சி பெற்ற பணியாளர் வேண்டும். எரிபொருளைக் கையாள்வதில் உள்ள இடரை அந்நிலையம் ஏற்றுக்கொண்டது. ஊர்தியின் உரிமையாளர் பணத்தைக் கொடுத்துவிட்டுப் புறப்பட்டார். மின் மகிழுந்து இந்த வழக்கத்தை மாற்றிவிட்டது. இரவில் வாசலில் நிற்கும் ஊர்திக்கு வீட்டுச் சுவரிலிருந்தே ஆற்றல் கிடைக்கிறது. விடிந்ததும் வண்டி புறப்படத் தயாராக இருக்கிறது. இது பெரிய வசதி. நிலையம் இதுவரை சுமந்த பொறுப்பும் அவ்வசதியோடு சேர்ந்து வீட்டுக்குள் வந்திருக்கிறது என்பதைப் பலர் இன்னும் எண்ணிப் பார்க்கவில்லை.

வீட்டில் மின்னேற்றி பொருத்துவதைக் குளிர்பதனப் பெட்டி வாங்குவது போன்ற தனிப்பட்ட செய்தியாகக் கருதுவோர் உண்டு. பணம் கொடுத்தவர் விரும்பிய கருவியை விரும்பிய இடத்தில் விரும்பிய நேரத்தில் இயக்கலாம் என்பது அவர்கள் எண்ணம். இவ்வெண்ணம் பாதியளவே சரியானது. மின்னேற்றியைத் தாங்கும் சுவர் வீட்டினது. அச்சுவருக்குள் வரும் மின்கம்பி ஊரினது. தெருமுனையில் நிற்கும் மின்மாற்றி, அதற்கு மின்சாரம் கொண்டுவரும் தடம், அடுத்த வீட்டின் விளக்கு, எதிர்வீட்டு மாவரைக்கும் எந்திரம் ஆகிய அனைத்தும் அக்கம்பியோடு பிணைந்துள்ளன. எனவே வீட்டு மின்னேற்றியைத் தெருவுக்கும் சேர்த்துக் கணக்கிட்டு அமைப்பதே முறை. திண்டுக்கல் போன்ற ஒரு நகரையும் அதைச் சூழ்ந்த சமவெளியையும் முன்வைத்து எண்ணினால் இவ்வுண்மை தெளிவாகும்.

பழைய ஊர்தி, பழைய பாடம்

மின் மகிழுந்து இந்த நூற்றாண்டின் கண்டுபிடிப்பு அன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க நகரங்களில் மின் மகிழுந்துகள் ஓடின. வீட்டுக் கொட்டகையிலேயே அவற்றுக்கு மின்னேற்றம் செய்யப்பட்டது. பெட்ரோல் மகிழுந்தைப் பெருமளவில் உற்பத்தி செய்த ஹென்றி ஃபோர்டின் துணைவியார் கிளாரா ஃபோர்டு ஓட்டியது ‘டெட்ராய்ட் எலெக்ட்ரிக்’ என்னும் மின் மகிழுந்து. பின்னர் மலிவான பெட்ரோலும் தானியங்கித் தொடக்கியும் அவ்வண்டிகளைப் பின்னுக்குத் தள்ளின. மற்றொரு காரணமும் உண்டு. அந்நாளில் நகரங்களைத் தாண்டிய ஊர்ப்புறங்களுக்கு மின்கம்பி செல்லவில்லை. பெட்ரோலை ஒரு தகரப் பெட்டியில் அடைத்து எந்தச் சிற்றூருக்கும் கொண்டு செல்ல முடிந்தது. மின்சாரத்தை அவ்வாறு கொண்டு செல்ல முடியவில்லை.

இந்தியாவிலும் இதற்கு முன்வரலாறு இருக்கிறது. 1993ஆம் ஆண்டில் ‘லவ்பேர்ட்’ என்னும் இரண்டு இருக்கை மின் மகிழுந்து அறிமுகமானது. கேரளத்தின் சாலக்குடியிலும் தமிழ்நாட்டின் கோயம்புத்தூரிலும் இயங்கிய எடி கரண்ட் கன்ட்ரோல்ஸ் நிறுவனம் அதனை உருவாக்கியது. 2001இல் பெங்களூரிலிருந்து ‘ரேவா’ வந்தது. வீட்டிலுள்ள 15 ஆம்பியர் பிளக் பாயின்டிலேயே அதற்கு மின்னேற்றம் செய்யலாம் என்பது அதன் சிறப்பாகக் கூறப்பட்டது. அவ்வண்டிகள் பெருவழக்காகவில்லை. இன்று நிலை வேறு. ஓசூர், கிருட்டிணகிரிப் பகுதிகளில் மின் இருசக்கர ஊர்திகள் உருவாகின்றன. 2025 ஆகஸ்டில் தூத்துக்குடியில் வியட்நாம் நாட்டு நிறுவனமான வின்ஃபாஸ்டின் மின் மகிழுந்து ஆலை தொடங்கப்பட்டது. வண்டி செய்யும் திறன் தமிழ்நாட்டில் வேரூன்றிவிட்டது. அவ்வண்டிகளை ஏற்கும் வகையில் வீடும் தெருவும் அமைந்துள்ளனவா என்பதே இனி எழும் கேள்வி.

சமவெளியின் கணக்கு

திண்டுக்கல் நகரிலிருந்து சின்னாளபட்டி, வேடசந்தூர், நிலக்கோட்டை, ஒட்டன்சத்திரம் ஆகிய ஊர்கள் அனைத்தும் ஏறத்தாழ 40 கிலோமீட்டருக்குள் அமைந்தவை. மதுரையும் பழனியும் கூட 70 கிலோமீட்டருக்குள் அடங்கும். கடைக்கும் அலுவலகத்திற்கும் பள்ளிக்கும் சென்று திரும்பும் ஒரு குடும்ப வண்டி நாளொன்றுக்கு 30 கிலோமீட்டர் ஓடுவதாகக் கொள்ளலாம். சிறிய மின் மகிழுந்து ஒரு யூனிட் மின்சாரத்தில் ஏறத்தாழ ஆறு கிலோமீட்டர் ஓடும். மின்னேற்றத்தின்போது வெப்பமாக இழக்கப்படுவதையும் சேர்த்தால் ஒரு நாள் தேவை ஐந்தரை யூனிட். மூன்று கிலோவாட் திறனுள்ள சிறிய மின்னேற்றி இதனை இரண்டு மணி நேரத்திற்குள் ஏற்றிவிடும். வண்டியோ இரவில் எட்டு மணி நேரத்திற்கு மேல் வாசலில் சும்மா நிற்கிறது.

இந்தக் கணக்கைப் பார்க்காமலே பலர் 7 கிலோவாட், 11 கிலோவாட் மின்னேற்றிகளை நாடுகின்றனர். விரைவு என்னும் சொல்லுக்குள்ள கவர்ச்சியே இதற்குக் காரணம். இரவு முழுவதும் உறங்கும் ஒருவருக்கு வண்டி பத்து மணிக்கே நிரம்பினாலும் விடியற்காலை நான்கு மணிக்கு நிரம்பினாலும் வேறுபாடில்லை. ஆனால் மின்கம்பிக்கு வேறுபாடு உண்டு. 7 கிலோவாட் மின்னேற்றி 230 வோல்ட்டில் 30 ஆம்பியருக்கு மேல் மின்னோட்டம் இழுக்கும். அதற்குத் தடித்த செப்புக் கம்பி வேண்டும். வீட்டின் அனுமதிக்கப்பட்ட மின்பளுவை உயர்த்த வேண்டும். பல வீடுகளில் ஒருமுனை இணைப்பை மும்முனை இணைப்பாக மாற்ற வேண்டிவரும்.

மலைப்பயணத்தைக் காரணம் காட்டுவோரும் உளர். அவர்கள் கூற்றையும் இயற்பியல் கொண்டு அளந்து பார்க்கலாம். திண்டுக்கல்லைவிடக் கொடைக்கானல் ஏறத்தாழ 1800 மீட்டர் உயரத்தில் உள்ளது. பயணிகளோடு 1500 கிலோகிராம் நிறையுள்ள வண்டியை அவ்வுயரத்திற்குத் தூக்க, நிறை, ஈர்ப்பு முடுக்கம், உயரம் ஆகிய மூன்றையும் பெருக்கிக் கிடைக்கும் ஆற்றல் ஏறத்தாழ 2 கோடியே 65 இலட்சம் ஜூல். ஒரு யூனிட் என்பது 36 இலட்சம் ஜூல். ஆக, ஏற்றத்திற்கு மட்டும் ஏழு யூனிட்டுக்குச் சற்று மேல் தேவை. நூறு கிலோமீட்டர் அளவிலான சாலைப் பயணத்திற்குரிய பதினாறு, பதினேழு யூனிட்டையும் சேர்த்தால் சிறிய வண்டியின் மின்கலம் மலையுச்சியை அடையும்போது ஏறக்குறைய வெறுமையாகிவிடும். இறங்கும்போது வண்டியின் மின்னோடி, மின்னாக்கியாக மாறி அந்த ஆற்றலில் ஒரு பகுதியை மீட்டுத் தரும் என்பது உண்மையே. எனினும் அத்தகைய பயணத்திற்கு வேண்டியது வழியில் ஒரு பொது விரைவு மின்னேற்று நிலையம். வீட்டு மின்னேற்றி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் வண்டி புறப்பட்ட பிறகு அது பயன்படாது. அன்றாடத் தேவைக்குச் சிறிய வீட்டு மின்னேற்றி, நெடும்பயணத்திற்குப் பெரிய பொது நிலையம் என்னும் பகுப்பே அறிவுக்குப் பொருந்தும்.

மண்ணும் மின்சாரமும்

வீட்டு மின்னேற்றத்தில் உயிரோடு தொடர்புடைய செய்தி புவி இணைப்பு. மின்பணியாளர் வழக்கில் இது ‘எர்த்’ எனப்படும். கருவியின் உலோக உடலில் தவறுதலாக மின்சாரம் பாய்ந்தால், அம்மின்சாரம் மனித உடல்வழி செல்லாமல் மண்ணுக்குள் இறங்க வழிசெய்வது அதன் பணி. திண்டுக்கல் சமவெளியின் பெரும்பகுதி செம்மண்ணும் சரளையும் கொண்டது. சில அடி ஆழத்திலேயே பாறை தட்டும் இடங்கள் பல. ஆண்டில் பல மாதங்கள் மண் வறண்டு கிடக்கும். வறண்ட மண்ணின் மின்தடை மிகுதி. எனவே என்றோ புதைத்த ஒரு குழாயை நம்பி இருப்பது போதாது. புவி இணைப்புக் குழியின் மின்தடையைக் கருவி கொண்டு அளக்க வேண்டும்; கோடையில் குழிக்கு நீர் ஊற்றி ஈரம் காக்க வேண்டும்.

மின்னேற்றிகள் பல, மின்னேற்றத்தைத் தொடங்குமுன் புவி இணைப்பைத் தாமே சோதிக்கின்றன. இணைப்பு சரியில்லை என்றால் சிவப்பு விளக்கைக் காட்டி நின்றுவிடுகின்றன. அக்கருவி பழுதன்று, அது தன் கடமையைச் செய்கிறது. ஆனால் இதனைத் தொல்லையாகக் கருதிச் சிலர் ஒரு குறுக்குவழியைக் கையாள்கின்றனர். பிளக் பாயின்டுக்குள் நியூட்ரல் கம்பியையும் எர்த் முனையையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்துவிடுகின்றனர். மின்னேற்றி ஏமாந்து இயங்கத் தொடங்குகிறது. வீட்டாரும் வேலை முடிந்ததென மகிழ்கின்றனர். இதனைப் போன்ற கொடிய செயல் வேறில்லை. நியூட்ரல் கம்பி எங்கேனும் அறுந்தால் வண்டியின் உடல் முழுவதும் மின்சாரம் ஏறி நிற்கும். மழை நாளில் ஈரக் காலோடு கதவைத் தொடும் குழந்தையின் உயிர் அந்தத் துண்டுக் கம்பியில் தொங்குகிறது. மின்கசிவு நேர்ந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்னும் காப்புக் கருவியும் இந்நிலையில் கசிவை உணராது. கசிந்த மின்சாரம் அதே நியூட்ரல் வழியாகத் திரும்பிவிடுவதால் போனதும் வந்ததும் சமமாகவே அக்கருவிக்குத் தோன்றும்.

மற்றோர் இடர் வெப்பம். வெந்நீர்க் கருவி 15 ஆம்பியர் பிளக் பாயின்டில் கால் மணி நேரம் இயங்கி ஓயும். மகிழுந்து அதே அளவு மின்னோட்டத்தை மணிக்கணக்கில் தொடர்ந்து இழுக்கும். கடத்தியில் தோன்றும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடியையும் மின்தடையையும் நேரத்தையும் சார்ந்தது என்னும் ஜூல் விதியை மாணவர் அறிவர். தளர்ந்த ஒரு திருகாணி, துருப்பிடித்த ஒரு முனை, பழைய வீடுகளில் இன்னும் எஞ்சியிருக்கும் அலுமினியக் கம்பி ஆகிய இடங்களில் மின்தடை கூடும், அங்கே வெப்பம் திரளும், பிளக் உருகும். வாசல் வழியே இழுத்துவரப்பட்ட நீட்டிப்புக் கம்பியில் மகிழுந்துக்கு மின்னேற்றுவது அதனினும் தீது.

ஆகவே மின்னேற்றிக்கெனத் தனி மின்சுற்று, அதற்குரிய தடிமனில் செப்புக் கம்பி, தனித் துண்டிப்பான், 30 மில்லி ஆம்பியர் கசிவையே உணர்ந்து துண்டிக்கும் ஆர்.சி.சி.பி., அளந்து சரிபார்த்த புவி இணைப்பு ஆகியவை இன்றியமையாதன. உரிமம் பெற்ற மின்பணியாளரே இப்பணியைச் செய்ய வேண்டும். வண்டிக்குப் பல இலட்சம் ரூபாய் கொடுக்கும் குடும்பம், கம்பிக்கும் குழிக்கும் ஆகும் சில ஆயிரம் ரூபாயில் சிக்கனம் பார்ப்பது பொருந்தாது.

மாலை ஏழு மணி

வீட்டுக்குள் அனைத்தும் முறையாக அமைந்துவிட்டால் கடமை முடிந்ததா என்றால், இல்லை. தெருவின் கணக்கு எஞ்சியிருக்கிறது. நூறு கிலோவோல்ட் ஆம்பியர் திறனுள்ள ஒரு மின்மாற்றி ஒரு தெருவுக்கு மின்சாரம் தருவதாகக் கொள்ளலாம். அத்தெருவில் இருபது வீடுகள் 7 கிலோவாட் மின்னேற்றியைப் பொருத்தி, மாலை ஏழு மணிக்கு வீடு திரும்பியதும் வண்டியை இணைக்கின்றன என்க. மகிழுந்துகளுக்கு மட்டும் 140 கிலோவாட் தேவைப்படும். விளக்கு, மின்விசிறி, குளிரூட்டி, சமையலறைக் கருவிகள் ஆகியவற்றின் தேவை இதற்கு மேல். மின்மாற்றி அதனைத் தாங்காது. அவ்வீடுகளே மூன்று கிலோவாட் மின்னேற்றிகளைக் கொண்டு, பாதி வீடுகள் இரவு பத்து மணிக்கும் எஞ்சியவை ஒரு மணிக்கும் தொடங்கினால் ஒரு நேரத்தில் 30 கிலோவாட் போதும். வண்டிகளின் எண்ணிக்கை மாறவில்லை. அவை ஓடும் தொலைவும் மாறவில்லை. நேரமும் அளவும் மாறியதால் தெரு இருளாமல் தப்புகிறது.

இது திண்டுக்கல் உழவர்களுக்குப் புதிய பாடம் அன்று. ஒரே நேரத்தில் பல கிணற்று மோட்டார்கள் ஓடும்போது தடத்தின் கடைக்கோடியில் மின்னழுத்தம் தாழ்வதையும், தாழ் அழுத்தத்தில் மோட்டாரின் கம்பிச்சுருள் எரிவதையும் அவர்கள் பட்டறிந்தவர்கள். 2012ஆம் ஆண்டளவில் தமிழ்நாடு கண்ட நீண்ட மின்வெட்டுகளை இன்றைய மாணவர்களின் பெற்றோர் மறந்திருக்க மாட்டார்கள். பொதுக் கம்பியில் ஒருவர் மிகுதியாக எடுத்தால் அதன் குறை மற்றொருவர் வீட்டில் தெரியும் என்பதை மண்ணின் பட்டறிவு முன்னரே கற்பித்திருக்கிறது.

பிற நாடுகள் இதனைச் சட்டமாக்கியுள்ளன. பிரிட்டனில் 2022 ஜூன் 30 முதல் விற்கப்படும் வீட்டு மின்னேற்றிகள் நெரிசல் மிக்க நேரத்தைத் தவிர்த்து மின்னேற்றம் செய்யுமாறு முன்கூட்டியே அமைக்கப்பட்டிருக்க வேண்டும். அதுமட்டுமன்றி, பல இலட்சம் மின்னேற்றிகள் ஒரே நொடியில் இயங்கத் தொடங்கி மின்தடத்தை அதிரச் செய்யாமல் இருக்க, ஒவ்வொன்றும் பத்து நிமிடம் வரை முன்பின்னாகத் தொடங்கும் ஏற்பாடும் அவற்றுள் இருக்கிறது. உரிமையாளருக்கு அந்தச் சில நிமிடத் தாமதம் தெரிவதே இல்லை. ஒரு நாட்டின் மின்தடத்தை அது காக்கிறது.

இந்தியாவிலும் சட்டம் படிப்படியாக வளர்ந்துள்ளது. மின்னூர்திக்கு மின்னேற்றம் செய்வது மின்சார விற்பனை ஆகாது. அதற்குத் தனி உரிமம் தேவையில்லை என்று ஒன்றிய மின் அமைச்சகம் 2018 ஏப்ரலில் தெளிவுபடுத்தியது. வீட்டில் ஏற்கெனவே உள்ள இணைப்பிலேயே மின்னேற்றம் செய்யலாம் என்பதை 2022 ஜனவரி வழிகாட்டு நெறிகள் உறுதிசெய்தன. மின்னூர்திக்கெனத் தனி மின் இணைப்புப் பெறும் உரிமையை 2024இல் திருத்தப்பட்ட மின் நுகர்வோர் உரிமை விதிகள் வழங்கின.

இத்தனி இணைப்பின் தேவையைத் தமிழ்நாட்டு மின்கட்டண முறை நன்கு விளக்கும். இங்கு வீடுகளுக்கு இரு மாதங்களுக்கு ஒருமுறை 100 யூனிட் கட்டணமின்றி வழங்கப்படுகிறது. 500 யூனிட்டைத் தாண்டினால் சலுகை குறைந்து படிநிலைக் கட்டணம் உயர்கிறது. நாளொன்றுக்கு ஐந்தரை யூனிட் எனில், இரு மாதங்களில் மகிழுந்துக்கு மட்டும் ஏறத்தாழ 330 யூனிட் ஆகும். முன்பு 300 யூனிட் செலவிட்ட குடும்பம் இப்போது 630 யூனிட்டுக்குச் சென்றுவிடும். மானிய மின்சாரம் எளியோர் வீட்டில் விளக்கெரியவும் மின்விசிறி சுழலவும் ஏற்பட்டது. மகிழுந்துக்கு எடுக்கப்படும் மின்சாரம் தனி மானியில் தனிக் கணக்கில் வருவதே நேர்மை. மின் பகிர்மானக் கழகத்திற்கும் எந்தத் தெருவில் எத்தனை வண்டிகள் மின்னேற்றம் பெறுகின்றன என்பது அப்போதுதான் தெரியும். தெரிந்தால்தான் மின்மாற்றி வெடிக்குமுன் அதனை மாற்ற முடியும். அறிவிக்காமல் பொருத்தப்படும் மின்னேற்றி, அறிவிப்பவரையும் சேர்த்துப் பாதிக்கும்.

கதிரவனை நம்பலாமா?

நிலக்கரியை எரித்துப் பெறும் மின்சாரத்தில் ஓடும் வண்டியால் சூழலுக்கு என்ன பயன் என்று வினவுவோர் உண்டு. வினா நியாயமானது. தமிழ்நாட்டில் அனல்மின் நிலையங்களோடு காற்றாலைகளும் சூரிய மின் நிலையங்களும் இயங்குகின்றன. எந்த நேரத்தில் மின்னேற்றப்படுகிறது என்பதைப் பொறுத்தே வண்டியின் தூய்மை அமையும். நண்பகலில் சூரிய மின்சாரம் மிகுதி. மாலையில் அது மறைந்து, தேவை உச்சத்தை எட்டுகிறது.

வெயிலுக்குக் குறைவில்லாத திண்டுக்கல் சமவெளியில் மூன்று கிலோவாட் கூரைச் சூரியத் தகடுகள் நாளொன்றுக்குச் சராசரியாகப் பன்னிரண்டு யூனிட் அளவில் மின்சாரம் தரவல்லவை. 2024 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் மூன்று கிலோவாட் அமைப்புக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. ஒரு குடும்ப வண்டியின் அன்றாடத் தேவையைப் போல் இரு மடங்கு மின்சாரம் கூரையிலேயே கிடைக்கும். ஆனால் வெயில் காயும் நேரத்தில் வண்டி அலுவலகத்தில் நிற்கிறது என்பதுதான் சிக்கல். பள்ளி, கல்லூரி, ஆலை, அரசு அலுவலகம் ஆகியவற்றின் வண்டி நிறுத்தங்களில் கூரைத் தகடும் சிறிய மின்னேற்றியும் அமைப்பதே இதற்குத் தீர்வு. பகலில் பணியிடம், பின்னிரவில் வீடு எனப் பழகிவிட்டால் மாலை ஏழு மணியின் நெரிசல் இல்லாமலாகும்.

வாசல் இல்லாதோர்

இதுவரை கூறிய அனைத்தும் சொந்த வாசலும் வண்டி நிறுத்த இடமும் உடையோருக்கே பொருந்தும். திண்டுக்கல் ஆர்.எம். காலனி போன்ற குடியிருப்புகளில் சுற்றுச்சுவரும் நிறுத்தக் கூரையும் கொண்ட வீடுகள் உண்டு. அபிராமி அம்மன் கோயிலைச் சூழ்ந்த ரத வீதிகளிலும் அவற்றையொட்டிய சந்துகளிலும் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கின்றன. படியிறங்கினால் தெரு. அங்கு வாழ்வோர் வண்டியை எங்கே நிறுத்துவர்? கம்பியை எவ்வழியே இழுப்பர்? வாடகை வீட்டில் இருப்பவர் சுவரில் ஓர் ஆணி அடிக்கவே வீட்டு உரிமையாளரின் இசைவைக் கேட்க வேண்டியிருக்கிறது. அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒருவர் கேட்டால் சங்கம் தீப்பிடிக்கும் என்று மறுக்கிறது. அல்லது முடிவெடுக்காமல் தள்ளிப்போடுகிறது.

பூ விற்போர், காய்கறி வணிகர், பொருள் கொண்டு சேர்ப்போர் ஆகியோர் ஓட்டும் மின் இருசக்கர வண்டிகளுக்கும் ஆட்டோக்களுக்கும் மகிழுந்தைவிட மின்னேற்றம் இன்றியமையாதது. ஒரு நாள் மின்னேற்றம் தவறினால் அவர்களுடைய ஒரு நாள் கூலி தவறும். மகிழுந்து உடையவர் வீட்டிலேயே குறைந்த செலவில் மின்னேற்ற, உழைத்துப் பிழைப்பவர் பொது நிலையத்தில் கூடுதல் விலை கொடுக்கும் நிலை வருமாயின், புதிய தொழில்நுட்பம் பழைய வேற்றுமையையே வளர்க்கும்.

இதற்கு வழிகள் இல்லாமல் இல்லை. அடுக்குமாடியில் ஒருவர் மின்னேற்றி அமைக்க விரும்பினால் தக்க காரணமின்றி அதனை மறுக்கக் கூடாது என்று நார்வே நாட்டுச் சட்டம் கூறுகிறது. நகரங்களில் மூன்று கிலோமீட்டருக்கு மூன்று கிலோமீட்டர் பரப்பில் ஒன்றும், நெடுஞ்சாலைகளில் 25 கிலோமீட்டருக்கு ஒன்றுமாகப் பொது மின்னேற்று நிலையங்கள் அமைய வேண்டும் என்று 2022ஆம் ஆண்டின் இந்திய வழிகாட்டு நெறிகள் குறிக்கோள் வகுத்திருந்தன. அவற்றோடு, பழைய தெருக்களில் மாநகராட்சியே விளக்குக் கம்பம் அருகிலும் சந்தையின் ஓரத்திலும் சிறிய மின்னேற்றிகளை அமைக்கலாம். உள்ளாட்சிக்கு இவ்வளவு ஆற்றல் உண்டா என ஐயுறுவோர் கோவை மாவட்டம் ஓடந்துறையை எண்ணிப் பார்க்கலாம். அவ்வூராட்சி 2006ஆம் ஆண்டிலேயே 350 கிலோவாட் திறனுள்ள காற்றாலையைத் தனக்கென நிறுவியது. ஒரு சிற்றூராட்சி காற்றாலைக்கு உரிமை கொள்ள முடிந்தபோது, ஒரு மாநகராட்சி பத்துத் தெருக்களில் மின்னேற்றி நிறுவுவது அரிய செயல் ஆகாது.

பூட்டின் ஊருக்குப் புதிய வேலை

திண்டுக்கல்லின் கைத்திறனுக்கு அடையாளம் பூட்டு. 2019இல் திண்டுக்கல் பூட்டு புவிசார் குறியீடு பெற்றது. நல்லாம்பட்டி, குடைப்பாறைப்பட்டி முதலிய ஊர்களில் நெம்புகோலும் சாவியும் தலைமுறைகளாகக் கையால் அராவிப் பொருத்தப்பட்டன. எந்திரத்தில் பெருமளவில் செய்த மலிவான பூட்டுகள் வந்தபின் அத்தொழில் நலிந்தது. நுட்பம் அறிந்த கைகள் உள்ள ஊருக்கு மின்னூர்திக் காலம் ஒரு வாய்ப்பு. புவி இணைப்பை அளப்பவர், கம்பியின் தடிமனைக் கணக்கிடுபவர், மின்னேற்றியைப் பொருத்திப் பழுது நீக்குபவர் எனப் பல நூறு பேர் ஒவ்வொரு மாவட்டத்திற்கும் தேவைப்படுவர். தொழிற்பயிற்சி நிலையங்களின் மின்பணியாளர் பாடத்தில் இதற்கு உரிய இடம் அளிக்க வேண்டும். துண்டுக் கம்பியால் மின்னேற்றியை ஏமாற்றும் பழக்கத்தைத் தண்டனையால் மட்டும் ஒழிக்க முடியாது. முறையாகச் செய்யத் தெரிந்தவர் அருகில் இருந்தால் குறுக்குவழியைத் தேடுவோர் குறைவர்.

மின் மகிழுந்து வாங்கும் குடும்பத்தில் வண்டியின் நிறத்தைப் பற்றிப் பேச்சு நடக்கும். ஒரே ஏற்றத்தில் எவ்வளவு தொலைவு ஓடும் என்று பேச்சு நடக்கும். அவற்றுக்கு முன் நான்கு வினாக்கள் கேட்கப்பட வேண்டும். வீட்டின் அனுமதிக்கப்பட்ட மின்பளு எவ்வளவு? புவி இணைப்புக் குழி எங்கே உள்ளது. அதனைக் கடைசியாக அளந்தது எப்போது? வண்டிக்கு உண்மையில் ஒரு நாளைக்கு எத்தனை யூனிட் வேண்டும்? எந்த நேரத்தில் ஏற்றினால் தெருவுக்குச் சுமையாகாது? முதல் வினாவுக்கு விடை காண மின்கட்டண அட்டையோடு தொடங்கலாம். இரண்டாவதற்கு வீட்டின் பின்புறம் சென்று பார்க்க வேண்டும். மூன்றாவதைப் பதினொன்றாம் வகுப்பு மாணவரே கணக்கிட்டுச் சொல்ல முடியும். நான்காவதற்கு விடை காண அண்டை வீட்டாரோடு பேச வேண்டும். கூரைக்கடியில் நிற்கும் வண்டிக்காக ஒரு தெருவார் கூடிப் பேசி நேரம் வகுத்துக்கொள்வது புதிய பழக்கமாகத் தோன்றலாம். ஏரி நீரைப் பாய்ச்சுவதற்கு முறை வைத்து வாழ்ந்த ஊர்களுக்கு அது இயலாத செயல் ஆகாது.